கழி நண்டு ஒரு வருஷம் குவிகிறது, அடுத்த வருஷம் காணோம், ஏன்?

கேள்வி இதுதான்: கழிமுகத்தை ஒட்டிய ஊர்க்காரர் ஒருவர், போன வருஷம் கழி நண்டு நன்றாகப் பட்டது, இந்த வருஷம் வலைக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது, வருவதும் பொடியாக இருக்கிறது என்கிறார். தண்ணீர் கெட்டுப்போனதா, நாங்களே பிடித்து ஒழித்துவிட்டோமா, பொரிப்பகத்துக் குஞ்சை வாங்கி விட்டால் பெருகாதா என்று கேட்கிறார்.

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது முகத்துவாரம். கழியில் வாழ்கிற நண்டு கழியில் பிறப்பதில்லை, கடலில் பிறக்கிறது. இது தெரியாமல் நண்டு வரத்தைப் பற்றிப் பேசினால் பேச்சு தண்ணீரின் நிறத்திலும் பக்கத்து ஊர்க்காரன் வலைக்கண்ணிலும் போய் நின்றுவிடும்.

நான் சொல்வது கடலில் நீந்தும் நீலக்கால் நண்டையோ முக்கண் நண்டையோ அல்ல. சேற்றில் வளை தோண்டி இருக்கும், கொடுக்கு தடித்த, கயிற்றால் கட்டிச் சிங்கப்பூருக்கு உயிரோடு விமானம் ஏற்றுகிறோமே, அந்தக் கழி நண்டு. நம் கரையில் இதில் இரண்டு இனம் உண்டு. பெரிதாக வளர்ந்து ஒரு கிலோவைத் தாண்டுவது சில்லா செர்ராட்டா. எல்லாக் கால்களிலும் வலைப்பின்னல் மாதிரிக் கோலம் இருக்கும், பச்சை ஓடியிருக்கும். சிறியது, செம்பழுப்பு நிறம், வளையை விட்டு அதிகம் நகராதது சில்லா ஒலிவேசியா. பழைய இந்தியக் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் பெரும்பாலும் பெரிய இனத்தை டிராங்குபாரிகா என்றும், சிறிய இனத்தைச் செர்ராட்டா என்றும் எழுதியிருப்பார்கள். 1998ல் இந்த வகையை நான்கு இனங்களாகத் திருத்திப் பிரித்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. பெயர் மாறிக் கிடப்பதால், எந்த அளவில் நண்டு பருவத்துக்கு வருகிறது என்று பழைய கட்டுரையிலிருந்து எடுத்தால் ஒரு இனத்தின் கணக்கை இன்னொன்றின் மேல் போட்டுவிடுவோம். பிடிக்கலாம் என்று சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதோடு சேர்ந்து தப்பாகிவிடும்.

சரி, வாழ்க்கைக்கு வருவோம். பெண் நண்டு பருவத்துக்கு வரும் அந்த ஓடு கழற்றலின்போதுதான் இணை சேர்கிறது. சில நாள் முன்பிருந்தே ஆண் அதைத் தன் அடியில் பிடித்து வைத்துக்கொண்டு காவல் காக்கும், பெண் ஓடு கழற்றி உடம்பு மெத்தென்று இருக்கும்போது இணையும். பெண் அந்த விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை சேர்ந்தது இரண்டு மூன்று ஈடு முட்டைக்கும் போதும். உள்ளே சினை முற்றியதும் கழியை விட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இறங்கும். எவ்வளவு தூரம் என்றால், ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் இறால் இழுவலைகளில் முட்டை சுமந்த கழி நண்டுகள் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் முதல் 95 கிலோமீட்டர் வரை கிடைத்திருக்கின்றன. கழிச் சேற்றில் கிடந்த ஒரு உயிர் அவ்வளவு தூரம் போகிறது என்பதை நம்பவே பலருக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஏன் போக வேண்டும்? குஞ்சுக்கு உப்பு வேண்டும். வளர்ந்த நண்டு ஏறக்குறைய நல்ல தண்ணீரிலும் தாங்கும், கடலைவிட உப்பான தண்ணீரிலும் தாங்கும். ஆனால் முட்டையிலிருந்து வரும் சோயியா என்ற மிதக்கும் குஞ்சுக்கு ஆயிரத்துக்கு 30 பங்குக்கு மேல் உப்புள்ள கடல்நீர்தான் சரி, மழைநீர் கலந்த கழியில் அது செத்துப்போகும். பெரிய பெண் ஒன்று ஒரு ஈட்டில் பல லட்சம் முதல் சில பத்து லட்சம் முட்டை வரை சுமக்கும். அது பொரிய இரண்டு வாரத்துக்கு உள்ளாகவே போதும், குளிர்ந்த தண்ணீர் என்றால் கூடுதலாகும். குஞ்சு ஐந்து சோயியா நிலைகளைக் கடக்க இரண்டு மூன்று வாரம், அப்புறம் மெகலோபா என்ற நிலையில் ஒரு வாரம் பத்து நாள். மெகலோபாதான் கரைப்பக்கம் திரும்பி வரும் நிலை. கொடுக்கும் இருக்கும், நீந்தவும் செய்யும். ஓதத்தோடு முகத்துவாரத்துக்குள் நுழைந்து, ஓடு கழற்றி, நாலு மில்லிமீட்டர் அகலமுள்ள முதல் நண்டாகிறது.

ஆக, ஒரு தலைமுறைக்கு முகத்துவாரத்தை இரண்டு தடவை கடக்க வேண்டும். தாய் வெளியே போகும்போது ஒன்று, பிள்ளை உள்ளே வரும்போது ஒன்று. இரண்டில் எந்தச் சமயத்தில் மணல் மூடிக் கிடந்தாலும் அந்த ஈடு போனது போனதுதான். நடுவில் கடலில் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது தனி. உங்கள் கழிமுகத்தில் நுழையும் குஞ்சு உங்கள் கழித் தாயின் குஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பத்து ஊர் தள்ளிய கழியின் தாயுடையதாகவும் இருக்கலாம்.

காலக்கணக்கை இங்கேதான் பலர் விடுகிறார்கள். அந்த நாலு மில்லிமீட்டர் நண்டு, குளத்தில் நல்ல தீனியும் ஒதுங்க இடமும் கொடுத்தாலே அரைக் கிலோவை நெருங்க ஏழெட்டு மாதம் ஆகும். கழியில் இன்னும் கூடும். இன்று உங்கள் வலையில் நண்டு இல்லை என்றால் அதற்கான காரணம் இன்றைய தண்ணீரில் இருக்காமல் போகலாம். ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு முகத்துவாரம் எப்படி இருந்தது, மழை எப்போது வந்தது என்று ஊரில் விசாரியுங்கள். நான் கேட்டுப் பார்த்த இடங்களில் பெரியவர்களுக்கு இது நன்றாகவே நினைவில் இருக்கிறது, யாரும் நண்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

முகத்துவாரத்துக்கு இவ்வளவு முக்கியம் கொடுக்க ஒரு நல்ல ஆதாரம் ஒடிசாவின் சிலிகா ஏரி. 1990களில் அதன் கடல் வாய்க்கு வரும் நீண்ட கால்வாய் மணல் தூர்ந்து, ஏரியில் உப்பு இறங்கி, களை படர்ந்து, மீன்வரத்து சரிந்தது. 1993ல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் அமைப்பு சீர்கெடும் ஈரநிலங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள், ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான வழி ஏறக்குறைய 18 கிலோமீட்டர் குறைந்தது. 1999-2000ல் மீன், இறால், நண்டு எல்லாம் சேர்த்து 2,000 டன்னைத் தொடாத வரத்து சில வருஷத்திலேயே 10,000 டன்னைத் தாண்டியது, கழி நண்டும் பல மடங்கு ஏறியது. யாரும் நண்டுக் குஞ்சு கொண்டுவந்து கொட்டி வந்த ஏற்றம் அல்ல இது. வழி திறந்தது, உப்பு திரும்பியது, கடலில் ஏற்கெனவே இருந்த குஞ்சு உள்ளே வந்தது. 2002ல் அந்தப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது.

நம் பக்கம் பழவேற்காட்டில் இதே கதையின் முதல் பாதி வருஷக்கணக்காக நடக்கிறது. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. கோடையில் முகத்துவாரம் மணலில் அடைத்துக்கொள்வதும் மீனவர்கள் தூர்வாரச் சொல்லிக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது, நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கல்சுவர் கட்டும் திட்டமும் அதனால்தான் வந்தது. படகு போய்வர வழி வேண்டும் என்ற கோரிக்கையாகத்தான் இது செய்தியில் வருகிறது. நண்டுக்கும் இறாலுக்கும் அது பிள்ளை வரும் வழி என்பதை யாராவது சேர்த்து எழுத மாட்டார்களா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

இன்னொரு பக்கத்திலிருந்து வருவது ஆற்றுத் தண்ணீர். குஞ்சுக்கு உப்பு வேண்டும் என்றேனே, அப்படியானால் நல்ல தண்ணீர் கெடுதல்தானே என்று நினைக்கலாம். குஞ்சு கடலில் இருக்கிறது, அதற்குக் கெடுதல் இல்லை. கழியில் இருக்கும் இளம் நண்டுக்கு வெள்ளம் கொண்டுவரும் வண்டலும் சத்தும் வேண்டும், அலையாத்திக் காடு பிழைக்கவும் வருஷத்துக்கு ஒருதடவையாவது உப்பு கழுவப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லோகன் ஆற்றை வைத்துச் செய்த ஆய்வில், கோடை மழையில் ஆறு நன்றாக ஓடிய வருஷங்களில் கழி நண்டு வரத்தும் கூடியிருப்பது தெரிந்தது. பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. கொள்ளிடத்தில் தண்ணீர் இறங்குவது மேலே மிஞ்சினால்தான். கடலில் வீணாகக் கலக்கிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்ட அந்தத் தண்ணீரில்தான் பிச்சாவரத்து நண்டும் இறாலும் இருக்கின்றன.

பிச்சாவரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அங்கே ஒருகாலத்தில் காட்டைப் பட்டை பட்டையாக மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்டு மண் உள்வாங்கிப் பள்ளமானது, ஏறிய ஓதத்தண்ணீர் திரும்ப வடியாமல் தேங்கி உப்பேறி, மரம் முளைக்கவே இல்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே வரவும் போகவும் விட்ட பிறகு காடு திரும்பியது. இளம் நண்டு பதுங்குவது இப்படிப்பட்ட வாய்க்கால் ஓரத்து வேர்களுக்கு நடுவில்தான்.

இப்போது வளர்ச்சி. நண்டு நாளுக்கு நாள் பெரிதாவதில்லை. வெளிக்கூடு கல் மாதிரி இருப்பதால் அதற்குள் இருக்கும்வரை ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் கூடாது. உள்ளே சதை நிறைந்து இடம் போதாமல் போகும்போது தீனியை நிறுத்திவிட்டு ஒதுங்கும், பின்பக்கம் ஓடு பிளக்கும், பின்னோக்கி நகர்ந்து கால், கொடுக்கு, கண் உறை, இரைப்பையின் உள்தோல் வரை எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வெளியே வரும். உடனே தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும், அந்த ஊதின அளவில் புது ஓடு இறுகும். இதை நடத்துவது ஒரு ஹார்மோன், அதை அடக்கி வைப்பது கண்காம்பில் உள்ள சுரப்பி. சின்ன நண்டு சில நாளுக்கு ஒருமுறை ஓடு கழற்றும், பெரிதாக ஆக இடைவெளி வாரமாகி மாதமாகும். ஒவ்வொரு கழற்றலிலும் அகலம் கால் பங்கு கூடினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பத்து செண்டிமீட்டர் நண்டு பன்னிரண்டரை ஆனால் எடை இரண்டு பங்கு. அதனால்தான் ஒரே ஒரு கழற்றல் முன்னால் பிடிப்பது வியாபாரத்திலும் இவ்வளவு நஷ்டம். இன்னும் ஒரு மாதம் ஒன்றரை மாதம் விட்டிருந்தால் இரண்டு பங்கு சதை கிடைத்திருக்கும்.

ஓடு கழற்றிய நண்டு தண்ணீரை ஊதி வைத்திருப்பதால் தூக்கினால் லேசாக இருக்கும், அழுத்தினால் ஓடு அமுங்கும். வியாபாரிகள் தண்ணி நண்டு என்று ஒதுக்கி அடிமாட்டு விலைக்கு எடுப்பது இதைத்தான். இதைக் குளத்திலோ பெட்டியிலோ வைத்து மூன்று நான்கு வாரம் தீனி கொடுத்துச் சதை பிடிக்க வைத்து விற்பது நல்ல தொழில், அதில் எனக்கு மறுப்பே இல்லை. தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடு கழற்றும் நண்டை மற்றது தின்றுவிடும். கழியிலும் அப்படித்தான். இடம் குறைந்து நெருக்கம் கூடினால் பொடி நண்டுக்கு முதல் எதிரி பெரிய நண்டே. இயற்கைத் தீனி என்று பார்த்தால், பெரிய நண்டின் வயிற்றில் பாதிக்குப் பாதி மட்டி, நத்தை வகைகள்தான் இருக்கும், அடுத்து சின்ன நண்டு வகைகள், மீன் ரொம்பக் குறைவு. மட்டியை மொத்தமாக வாரியெடுத்த கழியில் நண்டு இளைத்துக் கிடப்பதில் ஆச்சரியம் இல்லை.

வயசைப் பற்றி ஒரு வார்த்தை. மீனுக்குக் காதுக்கல்லை அறுத்து வளையம் எண்ணலாம். நண்டுக்கு அது வசதிப்படாது, ஒவ்வொரு தடவையும் கெட்டியான பாகத்தை எல்லாம் கழற்றிப் போட்டுவிடுகிறது, ஓட்டின் மேல் அடையாளம் ஒட்டினால் அதுவும் ஓட்டோடு போய்விடும். அதனால் நூற்றுக்கணக்கான நண்டின் ஓட்டு அகலத்தை மாதாமாதம் அளந்து, கூட்டம் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு நகர்கிறது என்று பார்த்துத்தான் வளர்ச்சியைக் கணக்கிடுகிறார்கள்.

எண்ணிக்கையைக் கணக்கிடுவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் வலையில் படுவதும் கழியில் இருப்பதும் ஒன்றல்ல. கூண்டுக்கும் தூண்டிலுக்கும் வருவது பசித்த நண்டு. ஓடு கழற்றப் போகிற நண்டு வராது, முட்டை சுமப்பதும் பெரும்பாலும் வராது. பெரிய ஆண் ஒன்று கூண்டில் இருந்தால் சிறியது உள்ளே நுழையவே தயங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மேலிருந்து நல்ல தண்ணீர் தள்ளும்போது கழியில் பரவிக் கிடந்த நண்டெல்லாம் உப்பைத் தேடி முகத்துவாரப் பக்கம் இறங்கும், அங்கே வலை போட்டவருக்கு அள்ள அள்ள வரும். நண்டு பெருகிவிட்டது என்று ஊரே பேசும். பெருகவில்லை, ஒரே இடத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் போன வருஷத்து வரத்தில் ஒரு பங்கு இப்படி வந்ததாகவும் இருக்கலாம், எந்த மாதம் பட்டது என்பதைச் சொன்னால்தான் தெரியும்.

ஒழுங்காக எண்ணுகிற இடம் ஒன்று அமெரிக்காவின் செசபீக் விரிகுடா. அங்கே இருப்பது வேறு இனம், நீல நண்டு. ஆனால் வாழ்க்கை முறை ஒன்றுதான்: பெண் விரிகுடாவின் வாய்ப்பக்கம் இறங்கும், குஞ்சு கடலுக்குப் போய்த் திரும்பும். குளிர்காலத்தில் அந்த நண்டு சேற்றில் புதைந்து அசையாமல் கிடப்பதால், 1990 முதல் வருஷாவருஷம் ஏறக்குறைய 1,500 இடங்களில் சேற்றை வாரி எண்ணுகிறார்கள். 2008ல் நிலைமை மோசமானபோது பெண் நண்டு பிடிப்பைக் குறைத்தார்கள், 2012ல் மதிப்பீடு 76 கோடியைத் தொட்டது. ஆனால் 2022ல் 22 கோடியே 70 லட்சம் என்று அதுவரை இல்லாத அடிமட்டத்துக்கு விழுந்தது. இவ்வளவு கண்காணிப்புக்குள்ளேயும் பத்து வருஷத்தில் மூன்று பங்கில் ஒன்றுக்கும் கீழே இறங்கக்கூடிய உயிர் இது. உங்கள் ஊரில் ஒரு வருஷம் இல்லை என்றதும் அழிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், அடுத்த வருஷம் குவிந்தது என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம்.

அப்படியானால் பிடிப்பால் கெடுதலே இல்லையா? இருக்கிறது, பெண்ணைப் பிடிப்பதில். சந்தையில் சினை நண்டுக்குத்தான் அதிக விலை. உள்ளே ஆரஞ்சு நிறச் சினை நிறைந்த பெண், அதாவது கடலுக்குப் புறப்படத் தயாரான தாய். அதை முகத்துவாரத்தில் குறுக்கே வலை கட்டிப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான பிடிப்பு என்பது என் கருத்து. குயின்ஸ்லாந்தில் கழி நண்டில் பெண்ணைப் பிடிக்கவே கூடாது, ஆணும் ஓட்டு அகலம் 15 செண்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. நம்மிடம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது, ஆனால் அது விசைப்படகுக்கு. கழிக்குள் நாட்டுப்படகையும் கையால் பிடிப்பதையும் அது தொடாது. தொட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன், பறியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் துழாவிப் பிடிக்கிற இருளர் பெண்களின் அன்றாடச் சாப்பாடு அது. அவர்கள் கையில் வருவது கொஞ்சம். பொடி நண்டையும் சினை நண்டையும் எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்கிற கொள்முதல் இடத்தில்தான் கட்டுப்பாடு வைக்க வேண்டும்.

நண்டு பொடியாக வருகிறது என்றீர்களே, அதை இரண்டு விதமாகப் படிக்கலாம். பெரியவற்றைப் பிடித்துத் தீர்த்ததால் மிச்சம் பொடியாக இருக்கலாம், புது ஈடு நன்றாக உள்ளே வந்ததால் பொடி கூடியிருக்கலாம். வித்தியாசம் வயிற்று மடலில், அதாவது நண்டைப் புரட்டினால் அடியில் மடங்கி ஒட்டியிருக்கும் பாகத்தில் தெரியும். ஆணுக்கு மடல் ஒடுங்கி நீண்டிருக்கும், பருவம் வராத பெண்ணுக்கு முக்கோணம், பருவம் வந்த பெண்ணுக்கு அகன்று வட்டமாக, ஓரத்தில் மயிரோடு இருக்கும். பொடி நண்டில் அதிகமும் முக்கோண மடல் என்றால் புது ஈடு வளர்ந்துகொண்டிருக்கிறது. சின்னதிலேயே வட்ட மடல் நிறைய என்றால், ஒன்று அது இயல்பாகவே சிறிய ஒலிவேசியா இனம், இல்லையென்றால் பெரிய பெண்கள் தீர்ந்துவிட்டன.

கடைசியாகக் குஞ்சு வாங்கி விடுவது. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சீர்காழிப் பக்கம் தொடுவாயில் நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறது. குஞ்சு உற்பத்தி லேசான காரியம் அல்ல, சோயியாவிலிருந்து நண்டாக வருவதற்குள் நூற்றுக்குப் பத்துத் தேறினாலே பெரிது. அந்தக் குஞ்சைக் குளத்தில் வளர்த்தால் பலன் உண்டு. கழியில் விட்டால்? பிலிப்பைன்சின் பனாய் தீவில் அலையாத்திக் காட்டில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், பிடிப்பு கூடியது. ஆனால் தொட்டியிலிருந்து நேராக விட்டதைவிடக் கொஞ்ச நாள் இயற்கையான இடத்தில் பழக்கி விட்டது நன்றாகப் பிழைத்தது. ஊர் சேர்ந்து செய்தால் செய்யலாம், ஒதுங்கக் காடும் வாய்க்காலும் இருக்கும் இடத்தில் மட்டும். முகத்துவாரம் மூடிய கழியில் விட்டால் அது ஒரு தலைமுறைப் பிடிப்பு, வளர்ந்த பெண் கடலுக்குப் போக முடியாது, அடுத்த வருஷம் மறுபடி வாங்க வேண்டும்.

உங்களால் இப்போதே முடிந்தது ஒரு நோட்டுப் புத்தகம். முகத்துவாரம் மூடிய தேதி, திறந்த தேதி, முதல் வெள்ளம் வந்த நாள், ஒவ்வொரு அமாவாசை பௌர்ணமிக்கும் எத்தனை வலைக்கு எத்தனை நண்டு, ஓட்டு அகலம், மடல் வடிவம். வயிற்றுக்கு வெளியே முட்டை தொங்கும் நண்டு வந்தால் நிறத்தையும் எழுதுங்கள். ஆரஞ்சு என்றால் புதிது, கருத்துவிட்டால் ஓரிரு நாளில் பொரியும், அதைக் கடல் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். ஒரு வருஷம் எழுதினாலே, முகத்துவாரம் திறந்து இரண்டு மூன்று மாதத்தில் முக்கோண மடல் பொடிகள் கண்ணில் படுகின்றனவா என்று பார்த்து, அடுத்த வருஷ வரத்தை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும்.